தீவுக்காரருக்கு முதல் இருக்கை

சென்னையிலிருந்து விமானம் ஏறினால் இரண்டரை மணி நேரத்துக்குள் அந்தமான் தலைநகர். 2024 செப்டம்பரில் அதற்கு ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். ஊர்க்காரர்கள் பேச்சில் இன்னும் போர்ட் பிளேர்தான். முதல் நாள் செல்லுலார் சிறை, இரண்டாம் நாள் விடிந்ததும் ஹேவ்லாக் தீவுக்குக் கப்பல். தமிழ்நாட்டிலிருந்து கிளம்பும் அந்தமான் சுற்றுலாக்களில் பெரும்பாலானவற்றின் அட்டவணை இப்படித்தான் இருக்கிறது. மத்திய அரசு ஊழியர்கள் எல்டிசி எனும் விடுப்புப் பயணச் சலுகையில் குடும்பத்தோடு போகிறார்கள். புதுமணத் தம்பதிகள் போகிறார்கள். கோடை விடுமுறையில் தாத்தா பாட்டியையும் சேர்த்துக்கொண்டு மூன்று தலைமுறையாகக் கிளம்புகிறவர்களையும் பார்க்க முடிகிறது. மகிழ்ச்சியான விஷயம். ஆனால், அந்தப் பயணத்தில் எல்லோரும் கடந்துபோகிற, யாரும் பொருட்படுத்தாத ஒரு பகுதி உண்டு: தலைநகருக்கும் தீவுக்கும் இடையிலான கடல். அதைக் கடக்கும் கப்பல் யாருக்கானது, எப்படி ஓட வேண்டும் என்பதைப் பேசாமல் தீவுச் சுற்றுலாவைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை.

ஹேவ்லாக் தீவு போர்ட் பிளேருக்கு வடகிழக்கே சுமார் 40 கி.மீ. தொலைவில் இருக்கிறது. 2018 டிசம்பர் 30 அன்று அதற்கு ஸ்வராஜ் தீப் என்று பெயர் சூட்டப்பட்டது. அதே நாளில் பக்கத்து நீல் தீவு ஷாஹீத் தீப் ஆனது. 2004-ல் ‘டைம்’ பத்திரிகை ராதா நகர் கடற்கரையை ஆசியாவிலேயே சிறந்தது என்று எழுதிய பிறகு இந்தத் தீவின் வாழ்க்கை வேறு திசையில் திரும்பிவிட்டது. அதற்கு முன் அது நெல்லும் பாக்கும் தென்னையும் வாழையும் விளையும் விவசாயத் தீவு. 1950-களில் கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகளாக வந்த குடும்பங்களுக்குக் காட்டைத் திருத்தி நிலம் கொடுத்தார்கள். கோவிந்த நகர், விஜய நகர், ஷியாம் நகர், கிருஷ்ணா நகர், ராதா நகர் என்று ஊர்ப்பெயர்களிலேயே அந்த வைணவ வங்காளம் இருக்கிறது. 2011 கணக்கெடுப்பில் தீவின் மக்கள்தொகை ஆறாயிரத்துச் சொச்சம்.

அங்கே போக இன்று இரண்டு வகைக் கப்பல்கள் உண்டு. ஒன்று, தனியார் நிறுவனங்களின் அதிவேக கேட்டமரான். இரட்டை உடல் கொண்ட, முழுக்கக் குளிரூட்டப்பட்ட கப்பல். ஒன்றரை மணி நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். கட்டணம் ஆயிரம் ரூபாய்க்கு மேல். விமான நிலையம்போலவே பெட்டிகளை ஸ்கேன் செய்து, அடையாள அட்டையைப் பார்த்து, எண் போட்ட இருக்கையில் உட்கார வைக்கிறார்கள். துறைமுக வாயைத் தாண்டியதும் அலையின் நீள்தாளம் தொடங்குகிறது. அதுவரை செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தவர்கள் மெல்ல அமைதியாகிறார்கள். பணியாளர் கையில் பாலிதீன் பைகளோடு வரிசை வரிசையாக நடந்து வருகிறார். வெளித்தளத்துக்குப் போகப் பெரும்பாலும் அனுமதி இல்லாததால், கண்ணாடியில் வழிந்தோடும் உப்புநீர்தான் பயணிக்குத் தெரியும் கடல்.

மற்றொன்று, அந்தமான் நிர்வாகத்தின் கப்பல் போக்குவரத்து இயக்ககம் நடத்தும் அரசுக் கப்பல். இரண்டரை மணி நேரம் ஆகும், சில நாட்களில் அதற்கு மேலும். கட்டணம் தனியார் கப்பலோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. தீவுவாசி அட்டை வைத்திருப்போருக்கு இன்னும் குறைவு. மேல்தளத்தில் காற்று வாங்கிக்கொண்டு நிற்கலாம். பறவைமீன்கள் கூட்டமாகத் தாவுவதைப் பார்க்கலாம். தளத்தின் ஓரத்தில் கயிறு போட்டுக் கட்டிய மோட்டார் சைக்கிள், அதன்மேல் சாய்த்துவைத்த பிளைவுட் பலகை, கூண்டில் கோழிக்குஞ்சுகள், கோணிப்பையில் உருளைக்கிழங்கு. ஒரு பெண்மணி எக்ஸ்ரே படத்தைப் பிளாஸ்டிக் உறையோடு மடியில் படுக்கவைத்து, அது மடங்கிவிடாதபடி இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு வழி முழுக்க உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். அவருக்கு அந்தக் கப்பல் ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் டவுன் பஸ்.

இந்த டவுன் பஸ் என்ற நினைப்பு நமக்கு வந்துவிட்டால் பல விஷயங்கள் தெளிவாகிவிடும். ஹேவ்லாக்கில் இருப்பது அடிப்படை மருத்துவ வசதிதான். பிரசவம் சிக்கலானாலும், எலும்பு முறிந்தாலும், ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றாலும் போர்ட் பிளேருக்குத்தான் வர வேண்டும். ஹெலிகாப்டர் சேவை உண்டு. அதில் எத்தனை பேர் ஏற முடியும் என்பது எல்லோருக்கும் தெரியும். 2011-ல் ‘ஜல் ஹன்ஸ்’ என்ற பெயரில் கடலில் இறங்கும் சிறு விமானம் விடப்பட்டது, அது நீடிக்கவில்லை. கல்லூரி போர்ட் பிளேரில். நிலப்பத்திரம், நீதிமன்றம், பெரிய வங்கிக் கடன் எல்லாமே அங்கேதான். அந்தமானின் காய்கறிக் கூடை என்று பெயர் பெற்ற நீல் தீவின் விளைச்சல் தலைநகரின் சந்தைக்குப் போவதும், அரிசி, பருப்பு, சிமென்ட், மின்சாரம் தயாரிக்கும் ஜெனரேட்டருக்கான டீசல் எல்லாம் தீவுகளுக்கு வருவதும் கடல் வழிதான். ஒரு கிராமத்துக்குப் போகும் ஒரே சாலையை நாம் எப்படிப் பார்ப்போமோ அப்படித்தான் இந்தக் கப்பல் தடத்தையும் பார்க்க வேண்டும்.

டிசம்பர், ஜனவரியில் நடப்பதை யோசித்துப் பாருங்கள். தனியார் கப்பல்கள் வாரக்கணக்கில் முன்னதாகவே நிரம்பிவிடுகின்றன. இடம் கிடைக்காதவர்களும், செலவைக் குறைக்க நினைக்கிறவர்களும் அரசுக் கப்பலை நாடுகிறார்கள். அதில் தவறு இல்லை. அரசுக் கப்பல் எல்லோருக்கும் பொது. ஆனால், சுற்றுலாப் பயணி ஒரு மாதம் முன்பே திட்டமிடுகிறார். தீவுக்காரருக்கு நேற்று இரவு காய்ச்சல் வந்தது. இன்று காலை கிளம்ப வேண்டும். முன்பதிவு என்ற முறையே முன்கூட்டித் திட்டமிட முடிகிறவருக்குச் சாதகமானது. தீவுவாசிக்குச் சலுகைக் கட்டணம் இருப்பது நல்ல ஏற்பாடு, ஆனால் சலுகைக் கட்டணம் இருக்கையைக் கொடுத்துவிடாது. ஒவ்வொரு கப்பலிலும், தனியார் கப்பல் உட்பட, நோயாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் மாணவருக்கும் கடைசி நேரம் வரை ஒதுக்கிவைத்த இடங்கள் இருக்க வேண்டும். எத்தனை இடங்கள், யாரைக் கேட்க வேண்டும் என்பது ஜெட்டி எனப்படும் படகுத்துறையில் இந்தியிலும் வங்காளத்திலும் தமிழிலும் தெலுங்கிலும் எழுதி ஒட்டப்பட்டிருக்க வேண்டும். தமிழில் என்று சொல்வது நம் மொழிப் பெருமைக்காக இல்லை. 2011 கணக்கெடுப்பில் இந்தத் தீவுக்கூட்டத்தில் நூற்றுக்குப் பதினைந்து பேரின் தாய்மொழி தமிழ். வங்காளம், இந்திக்கு அடுத்து மூன்றாம் இடம்.

தனியார் கப்பல்கள் வந்ததால் அரசுக் கப்பலின் தேவை குறைந்துவிட்டது என்று சிலர் பேசுகிறார்கள். இது ஆபத்தான வாதம். லாபம் வரும் தடத்தில், லாபம் வரும் மாதத்தில் தனியார் ஓட்டுவார். அது அவர் தொழில். மே மாதம் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கிப் பயணிகள் குறைந்த பிறகும், ஹேவ்லாக்கைத் தாண்டி லாங் ஐலண்ட், ரங்கத் என்று வடக்கே போகிற ஆளில்லாத தடத்திலும் கப்பல் ஓடியாக வேண்டும். அதை அரசைத் தவிர யாரும் செய்ய மாட்டார்கள். சுற்றுலாவால் வரும் வருமானத்தில் ஒரு பகுதி அரசுக் கப்பல்களைப் பழுது பார்க்கவும் புதுக் கப்பல் வாங்கவும் நேரடியாகப் போக வேண்டும். தீவின் அழகை விற்றுச் சம்பாதிக்கும் விடுதிகள் இருக்கும் இடத்தில், அந்தத் தீவுக்காரரின் போக்குவரத்து நலிவடைய விடுவது நியாயமே இல்லை.

கடல் நம் அட்டவணைக்குக் கட்டுப்படாது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2016 டிசம்பர் முதல் வாரத்தில் அந்தமான் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் வலுப்பெற்றது. கப்பல்கள் நிறுத்தப்பட்டன. ஹேவ்லாக்கிலும் நீலிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். கடற்படைக் கப்பல்கள் கிளம்பிப் போய், கடல் சற்று அடங்கிய பிறகே அவர்களை மீட்டுவர முடிந்தது. அந்தத் தாழ்வு மண்டலம்தான் வார்தா புயலாக மாறி டிசம்பர் 12 அன்று சென்னையைத் தாக்கியது. நமக்கு நினைவிருப்பது சாய்ந்த மரங்களும் நாட்கணக்கில் இல்லாத மின்சாரமும். அதே புயலின் முதல் அடியை வாங்கியவை இந்தத் தீவுகள்.

அப்படிச் சிக்கிக்கொண்டவர்கள் கோபப்படுவதைப் புரிந்துகொள்ள முடிகிறது. விமான டிக்கெட் வீணாகிறது, விடுதிக்கு மறுபடி பணம் கட்ட வேண்டும், கைக்குழந்தைக்குப் பால்பவுடர் தீர்ந்துவிடுகிறது. ஆனால், கப்பலை நிறுத்திய அதிகாரி மீது அந்தக் கோபம் பாயக் கூடாது. கன்னியாகுமரியில் கடல் சீற்றமாக இருந்தால் பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகம் விவேகானந்தர் பாறைக்குப் படகை நிறுத்திவிடுகிறது. அப்போது வரிசையில் நிற்பவர்கள், “அலை ஒண்ணும் பெரிசா இல்லையே, ஒரு டிரிப் விடலாம்ல” என்று படகுக்காரரிடம் வாதாடுவதைக் கேட்டிருக்கிறேன். கரையிலிருந்து கையெட்டும் தூரத்துக்கே இந்த நெருக்கடி என்றால், நாற்பது கிலோமீட்டர் கடலில், இருநூறு பேரின் விமான நேரத்தைக் கையில் வைத்துக்கொண்டு முடிவெடுக்கும் மாலுமியின் நிலை என்ன? அவர் மீது யாருடைய அழுத்தமும் விழாமல் பார்த்துக்கொள்வது நிர்வாகத்தின் கடமை. நிறுத்தப்பட்ட கப்பலுக்கு முழுப் பணமும் கேள்வி கேட்காமல் திரும்பி வர வேண்டும். மறுநாள் கப்பலில் அவர்களுக்கு முன்னுரிமை வேண்டும். சிக்கிக்கொண்ட இரவுக்கு விடுதிகள் என்ன வாடகை வாங்கலாம் என்று நிர்வாகம் முன்கூட்டியே வரையறுத்திருக்க வேண்டும். இவை இருந்தால் கப்பலை நிறுத்தும் முடிவு எளிதாகும்.

இதையெல்லாம் விடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. 2014 ஜனவரி 26. குடியரசு நாள், ஞாயிற்றுக்கிழமை. போர்ட் பிளேருக்கு எதிரே ராஸ் தீவுக்கும் நார்த் பே கடற்கரைக்கும் பயணிகளை ஏற்றிப்போன ஒரு சுற்றுலாப் படகு கவிழ்ந்தது. 21 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் பெரும்பாலானோர் காஞ்சிபுரத்திலிருந்து ஒன்றாகச் சுற்றுலா போனவர்கள். படகில் ஏற்ற அனுமதிக்கப்பட்டிருந்தது 25 பேரை. ஏறியிருந்தவர்கள் 40-க்கும் மேல். தலைநகரின் ஜெட்டி கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், பட்டப்பகலில் இது நடந்தது. காஞ்சிபுரத்தில் அந்த வாரம் பல வீடுகளில் அழுகுரல். நம்மில் எத்தனை பேருக்கு இன்று அது நினைவில் இருக்கிறது?

இதற்கு முன்னும் பின்னும் நடந்தவற்றைச் சேர்த்துப் பாருங்கள். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். அவர்களில் தமிழ்நாட்டுக்காரர்கள் பலர். 2023 மே 7 அன்று மலப்புரம் மாவட்டம் தானூரில் இருட்டிய பிறகு கிளம்பிய உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். 2024 டிசம்பர் 18 அன்று மும்பையிலிருந்து எலிபெண்டா தீவுக்குப் போன படகின் மீது கடற்படையின் வேகப்படகு மோதி 15 பேர் இறந்தார்கள். ஏரி, ஆற்றுமுகம், துறைமுகம், தீவுக்கடல் என்று நீர்நிலை மாறுகிறது. அளவுக்கு மேல் ஆள், உடலில் இல்லாத லைஃப் ஜாக்கெட் ஆகிய இரண்டும் திரும்பத் திரும்ப வருகின்றன.

கூடுதலாக இருபது பேர் ஏறினால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்குக் கொஞ்சம் விளக்கம் தேவை. எடை கூடினால் படகு ஆழமாக அமிழ்கிறது. நீர்மட்டத்துக்கும் படகின் விளிம்புக்கும் இருக்கும் இடைவெளி குறைகிறது. சிறிய அலையும் உள்ளே வருகிறது. உள்ளே வந்த தண்ணீர் ஒரே இடத்தில் நிற்காது. படகு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே ஓடிச்சென்று சாய்வை அதிகமாக்கும். மேல்தளத்தில் ஆள் கூடினால் எடையின் மையம் உயரத்துக்குப் போய்விடுகிறது. சாய்ந்த படகு தானாக நிமிரும் சக்தியை இழக்கிறது. அந்த நேரத்தில் டால்பின் தெரிகிறது, யானை தெரிகிறது என்று எல்லோரும் ஒரு பக்கம் எழுந்து போனால் அவ்வளவுதான். தேக்கடியில் அதுதான் நடந்தது. கவிழ்வதற்கு ஆகும் நேரம் விநாடிக் கணக்கு. அதற்குள் இருக்கைக்கு அடியில் கட்டிவைத்த லைஃப் ஜாக்கெட்டை எடுத்து, முடிச்சவிழ்த்து, மாட்டிக்கொள்ள எவராலும் முடியாது.

பெரிய கேட்டமரான்களில் ஒழுங்கு இருக்கிறது என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். பயணிகள் பட்டியல் உண்டு, இருக்கைக்கு மேல் டிக்கெட் இல்லை, பாதுகாப்பு அறிவிப்பு உண்டு. சிக்கல் தீவில் இறங்கிய பிறகு தொடங்குகிறது. ஹேவ்லாக் ஜெட்டியிலிருந்து எலிபெண்ட் பீச்சுக்குப் போகும் சிறு வேகப்படகுகள், பவளப்பாறை பார்க்கும் கண்ணாடிப் படகுகள், போர்ட் பிளேரின் குறுந்தூரச் சுற்றுலாப் படகுகள் ஆகியவற்றில் ஏறும்போது நாம் என்ன செய்கிறோம்? முந்தைய பயணியின் வியர்வையோடு ஈரமாக நீட்டப்படும் ஜாக்கெட்டை முகம் சுளித்து வாங்கி, தோளில் போட்டுக்கொண்டு, கொக்கியை மாட்டாமலே உட்காருகிறோம். புகைப்படத்தில் புடவை தெரியவில்லை என்று கழற்றுகிறோம். ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பெரியவர் ஜாக்கெட்டை மாட்டிவிட்டு நிம்மதியடைகிறோம். தண்ணீரில் விழுந்தால் அந்தப் பெரிய ஜாக்கெட் மட்டும் மேலே எழும்பும். பிள்ளை அதற்குள்ளிருந்து நழுவிக் கீழே போய்விடும். கால்களுக்கு நடுவே போடும் பட்டை அதைத் தடுக்கத்தான் இருக்கிறது. குழந்தைக்கு ஏற்ற அளவு ஜாக்கெட் இல்லாத படகு, குழந்தையை ஏற்றவே கூடாத படகு. இதை விதியாக்கி, ஜெட்டியில் நின்று நிறைவேற்றும் ஒரு அதிகாரி வேண்டும். அவருக்குப் படகைக் கிளம்பவிடாமல் தடுக்கும் அதிகாரமும் வேண்டும். விபத்து நடந்த பிறகு உரிமத்தை ரத்து செய்வதில் யாருக்கு என்ன பயன்?

இன்னொன்றும் செய்யலாம். ஒவ்வொரு படகின் முகப்பிலும், அனுமதிக்கப்பட்ட பயணிகள் எண்ணிக்கையை ஜெட்டியில் நிற்பவர் கண்ணுக்குத் தெரியும்படி ஓர் அடி உயர எழுத்தில் எழுதிவைக்கட்டும். லாரியில் ஏற்றக்கூடிய எடையைக்கூட எழுதி வைக்கிறோம். இந்த எண் பயணியின் கண்ணில் பட்டால், படகுக்காரரைக் கேள்வி கேட்க அவருக்கு ஒரு பிடி கிடைக்கும். காஞ்சிபுரத்துக் குடும்பங்களுக்கு அந்தப் படகில் 25 பேர்தான் ஏறலாம் என்று ஏறும்போதே தெரிந்திருந்தால், ஒருவராவது வாய் திறந்திருக்க மாட்டாரா?

சுற்றுலா நிறுவனங்களுக்கும் இதில் பங்குண்டு. நான்கு நாளில் மூன்று தீவு என்று அட்டவணை போட்டு, கடைசி நாள் காலையில் ஹேவ்லாக்கிலிருந்து கப்பல், மதியம் போர்ட் பிளேரிலிருந்து விமானம் என்று விற்பது பயணியை ஏமாற்றுவதற்குச் சமம். கப்பல் இரண்டு மணி நேரம் தாமதித்தால் எல்லாம் குலைந்துவிடும். அந்தப் பதற்றம் ஜெட்டிக்கு வருகிறது. கிளம்பக் கூடாத நேரத்தில் கிளம்பச் சொல்லும் நெருக்கடியாக மாறுகிறது.

வரும் சீசனுக்கு அந்தமான் போகத் திட்டமிடும் வாசகர்களுக்கு என் வேண்டுகோள் இது. திரும்பும் விமானத்துக்கு முந்தைய நாளை முழுசாகப் போர்ட் பிளேரில் கழிக்கும்படி அட்டவணை போடுங்கள். முடிந்தால் தனியார் கப்பலில் போய், அரசுக் கப்பலின் இருக்கையைத் தீவுக்காரருக்கு விட்டுக்கொடுங்கள். சிறு படகில் ஏறும் முன் எத்தனை பேருக்கு அனுமதி என்று கேளுங்கள். ஜாக்கெட்டின் கொக்கியை மாட்டுங்கள். பிள்ளைக்கு அதன் அளவில் கேட்டு வாங்குங்கள். தலைகளை எண்ணிப் பாருங்கள். அனுமதித்த எண்ணிக்கையைத் தாண்டி ஒருவர் ஏறினாலும் குடும்பத்தோடு இறங்கிவிடுங்கள். கட்டிய பணம் போனால் போகட்டும்.